பால் வடியும் நேரத்தில் ஒரு திருமணம்

முப்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்திருந்த காலத்தில் நடந்தது இது. லெந்து எனும் தவக்கால நாட்களில் எங்கள் சபையில் திருமணம் வைப்பதில்லை. அது முடியக் காத்திருந்து வைத்த திருமணம் இது; ஆகவே உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்து வந்த முதல் வியாழன் என்று நாளை உறுதியாகச் சொல்ல முடியும். இடம், ஜொகூரில் கோத்தா திங்கிக்கு மேலே, ஆற்றோரமாக இருந்த ஒரு ரப்பர் தோட்டம்.

உபதேசியாரும் அவர் மனைவியும் நானும் ஊழியத்துக்காக ஒரு வாரம் அங்கே தங்கியிருந்தோம். விடியுமுன் எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போய்விடுவார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் மிஞ்சும் பிள்ளைகளுக்கு உபதேசியாரின் மனைவி எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுப்பார். நான் புண்களுக்கு மருந்து கட்டுவேன். மாலையில் லயத்து வாசலில் ஜெபக்கூட்டம். இந்துக் குடும்பங்களும் பாட்டுக் கேட்க வந்து உட்காரும். இரண்டாம் நாளே எங்களைவிட உரக்கப் பாடினார்கள்.

அந்த வாரத்தின் பெரிய காரியம் ஒரு திருமணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். ஆட்குறைப்பில் பெண்ணின் பெற்றோரை ஊருக்கு அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் கப்பல். திருமணம் நடந்தால் அவள் கணவனோடு இங்கே தங்கலாம். நடக்காவிட்டால் பெற்றோருடன் கப்பலேற வேண்டியதுதான். திரும்பி வருவது யார் கையிலும் இல்லை.

புதன்கிழமை பகலில் வரவேண்டிய போதகர், படகு சேற்றில் சிக்கி, பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தார். இருட்டிய பின் திருமணம் நடத்தச் சபை ஒழுங்கு இடம் தராது. மறுநாள் உச்சிப்பொழுதில் ஆற்றில் தண்ணீர் ஏறும்போது அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டாக வேண்டும். காலையில் வைக்கலாமென்றால், ஆபீஸ் கணக்கரான கிராணி லீவு தர மறுத்துவிட்டார். வேலைக்கு வராதவர் பேரை வெட்டிவிடும் காலம் அது.

மிஞ்சியிருந்த ஒரே வழி மழை. காலையில் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டு இல்லை. முழு லயமும் வானத்தைப் பார்த்தது. வேலையாட்களை மேய்க்கும் கங்காணி போதகரிடமே வந்துவிட்டார்.

"நாங்க மாரியாத்தாகிட்ட சொல்லிட்டோம். நீங்களும் உங்க பக்கம் ஒரு வார்த்தை சொல்லி வைங்க சாமி."

"மழை வந்தா உங்க எல்லாருக்கும் ஒருநாள் கூலி போயிடுமே," என்றார் போதகர்.

"போனாப் போவுது. கல்யாணச் சோறு இருக்குல்ல!"

விடிந்தபோது வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பெரட்டில் எல்லோரும் பேர் கொடுத்தார்கள். வாளியும் உளியுமாக நின்ற மணப்பெண், உபதேசியாரின் மனைவியிடம் நகர்ந்து வந்தாள்.

"அக்கா, மரம் சீவி முடிச்சு, பால் வடிஞ்சு மரத்துல கட்டுன மங்கு நெறையுற வரைக்கும் சும்மாத்தானே குந்தியிருப்போம்? அப்ப வச்சுக்கிட்டா என்னா?"

கங்காணி தலையில் கைவைத்தார். "அலமாக்! இத்தன வருசமா அந்த நேரத்துல வெத்தல மட்டும் போட்டுக்கிட்டு இருந்திருக்கேனே!"

"காட்டுக்குள்ளயா?" என்று தயங்கினார் போதகர்.

"நெழலு இருக்கு, சாட்சிக்கு ஆளு இருக்கு. வேற என்னா வேணும் சாமி?" என்றார் கங்காணி.

போதகர் சிரித்துவிட்டார். பால் எடுக்கும் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கிராணியும் தலையசைத்தார்.

அன்று மரம் சீவிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! சீவி முடித்தவர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். கவிழ்த்த வாளிகள்மேல் உபதேசியாரின் மனைவி வெள்ளைத் துணி விரித்தார். பெண்கள் சேலைகளைத் திரைபோல் பிடித்துக்கொள்ள, உள்ளே வேலைத் துணியோடு போனவள் கல்யாணச் சேலையில் வெளியே வந்தாள். காலில் மட்டும் சேறு.

தாலி கட்டும்போது ஒரு வேடிக்கை. மாப்பிள்ளையின் விரல்களில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் பாலில் தாலிக் கயிறு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"இழுக்காத மாப்ளே! ரப்பர் பாலு ஒட்டினா உசுரு போனாலும் வுடாது!" என்று ஒரு பெண் குரல் கொடுக்க, காடே சிரித்தது. போதகர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. "புதுப்பொண்ணு நீ உக்காரு" என்று தோழிகள் அவள் வாளியைப் பிடுங்கினார்கள்.

"என் மரத்துப் பாலை நீங்க எடுப்பீங்களா? போங்கடி!" என்று வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு அவள் மரங்களுக்குள் நடந்தாள். பக்கத்து மர வரிசையில் மாப்பிள்ளை. அவர்கள் மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போவதையே பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார், "இனிமே நிம்மதியாக் கப்பல் ஏறிடுவேன்" என்றார்.

புத்தகங்களில் அரச வீட்டுத் திருமணங்களை நிறையப் படித்திருக்கிறேன். எதுவும் இதற்கு ஈடாகவில்லை. 'நேரமில்லை' என்று சொல்ல நான் வாயெடுக்கும்போதெல்லாம், பால் சொட்டி மங்கு நிறையும் இடைவெளியில் ஒரு வாழ்க்கையையே தொடங்கிய அந்தப் பெண் கண்முன் வந்து நிற்கிறாள். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.