நான் நிமிர்த்திய தென்னைகள்

முதலில் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, சித்தேரி மலை பின்னால் தெரிய ஒரு தென்னந்தோப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்குள் தெரிந்த மரங்கள் இடுப்பில் நெளிந்திருந்தன.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மலையும் வயலும் எடுப்பது என் ஆசை. வலது கண்ணால் கேமராவுக்குள் பார்த்துப் பார்த்து, கணினியில் படத்தைத் திருத்தும்போதும் இடது கண்ணை மூடிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. அன்றும் அப்படியே உட்கார்ந்து, ஒவ்வொரு தென்னையாக இழுத்து நிமிர்த்தினேன். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று.

என் மனைவி கலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மரத்துக்கெல்லாம் என்னங்க ஆச்சு? குடிச்சுட்டு நிக்கிற மாதிரி நெளியுது!"

வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நேரான மரங்களை நான்தான் வளைத்திருந்தேன்.

சேலத்தில் கண் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். விழித்திரையின் (கண்ணுக்குள் காட்சி பதியும் சவ்வு) நடுவில் நீர் கோத்திருந்தது.

"ஸ்டீராய்டு ஏதாச்சும் எடுக்கறீங்களா?"

மூச்சிரைப்புக்கு எப்போதோ எழுதித் தந்த மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க. படிப்படியா குறைக்கலாம். நிறைய பேருக்குச் சில மாசத்துல தண்ணி தானா வத்திடும்."

"வத்தலைன்னா?"

"அப்ப வேற வைத்தியம் இருக்கு. இப்பவே பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி இருப்பது? என் பிழைப்பும் ஆசையும் அந்தக் கண்ணில்தான் இருந்தன. கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்துகூடத் தராமல் அனுப்பிவிட்டாரே என்று பேருந்தில் குமைந்துகொண்டே வந்தேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், டாக்டர் காத்திருக்கச் சொன்னால் அதுவும் வைத்தியம்தான்.

அந்த மாதங்களில் வலது கண்ணில் நிறங்கள் வெளிறித் தெரிந்தன. என்னை நானே நம்ப முடியவில்லை. நிறம் சரியா என்று பார்த்துச் சொல்ல, கலைச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை என் படங்களில் வானம் கருநீலம், மலை பொன்னிறம். ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தை மாற்றும், இணையத்தில் யாரோ விற்ற வண்ணக் கலவையை எல்லாப் படத்துக்கும் பூசுவேன். அதையே என் பாணி என்றும் சொல்லிக்கொள்வேன்.

"சித்திரைல ஏதுங்க இவ்வளவு பச்சை? காஞ்சு கெடந்துச்சு, நானும்தான பார்த்தேன்."

எனக்கே பாடமா என்று கோபம் வந்தது. ஆனாலும் பச்சையைக் குறைத்தேன். பிறகு நீலத்தை. இன்று நினைத்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் நீர் வற்றியிருந்தது. மறுபடியும் வரலாம் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. காலையில் எழுந்ததும் இடது கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பார்க்கிறேன். அது நேராகத் தெரிந்தால் அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதத்தைப் பற்றி இப்போதெல்லாம் யோசிப்பதில்லை.

போன வாரம் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, தனியாக ஒரு படத்தை முடித்தேன். சாம்பல் வானத்தை அப்படியே விட்டுவிட்டேன். கலைச்செல்வியிடம் காட்டினேன்.

"எங்கம்மா வூட்டுக்குப் போற வழிங்க," என்றாள். திரையில் தெரிந்த வானத்தை விரலால் தொட்டாள். "மழ வரப் போகுது."

அந்தப் படத்தை எடுத்த பத்தாவது நிமிடம் நான் தொப்பலாக நனைந்ததை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.