ஊதாத சங்கு

மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். இன்று காலை மருந்து பாட்டிலைத் திறந்ததும் அந்தத் தித்திப்பு வாசம் வந்தது. ஆரஞ்சு மிட்டாயைப் பாவாடைப் பையில் வைத்து மறந்து, வெயிலில் உருகிய பிறகு எடுத்து முகர்ந்தால் வருமே, அந்த வாசம். பாட்டிலும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிறகு அடுத்த வேளைக்குக் கைபேசியில் அலாரம் வைத்தேன். அது அடிக்காமல் போய்விட்டால் என்று இன்னொன்றும் வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். அடிக்காத ஒன்றுக்காக உட்கார்ந்து காத்திருந்த கதையை அவரிடம் நான் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் எங்கள் வீடு ஒரு நூற்பாலைக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது. ஷிப்டு மாறும்போதும் பகல் பன்னிரண்டுக்கும் ஆலையில் சைரன் ஊதும். எங்களுக்கு அது சங்கு. எங்கள் ஊரில் சங்கு என்றால் மூன்று: கடலில் முங்கி எடுப்பது ஒன்று, மில்லில் ஊதுவது ஒன்று, கைப்பிள்ளைக்குப் பாலும் மருந்தும் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் ஒன்று. மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்கள், யாரும் குழம்ப மாட்டார்கள். தெருவிலுள்ள கடிகாரமெல்லாம் மில் சங்குக்குக் கட்டுப்பட்டது. எங்கள் சுவர்க் கடிகாரம் ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். அம்மா வீட்டிலிருக்கும் நாளில் சங்கு கேட்டதும் முக்காலியில் ஏறி முள்ளைத் திருப்பி வைப்பாள். "கடியாரத்தப் பாக்காத, சங்கக் கேளு" என்பாள். நானோ சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. அதில்தான் வினை.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு எட்டு மாதம். கோடை விடுமுறை. அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஹார்பரில் சரக்கு எண்ணும் வேலை. கப்பல் நின்றால் லீவு நாளும் கிடையாது, இருட்டிய பிறகுதான் வருவார். தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சித்தி, கல்யாணத்துக்காக பஸ் ஏறி நாசரேத்துக்குப் போனாள். ஒரு வாரம்தானே, மூத்தவள் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். கோயில் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சர்ச்சில் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதப் பள்ளி நடந்த வாரமும் அதுதான். கைகளை ஆட்டிப் பாடும் பாட்டுக்கு முதல் வரிசையில் என்னை நிறுத்தியிருந்தார்கள். என் தோழிகள் அங்கே செய்த காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலைக் கடந்து போவார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உள்ளே அந்தப் பாட்டை ஆடிக் காட்டுவேன். அவன் மட்டும் சிரிப்பான்.

மற்றபடி அது சாதாரண வாரம். உப்பளத்திலிருந்து வரும் காற்றில் மத்தியானம் உதட்டை நக்கினால் கரிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும். கிளிமூக்கு மாங்காய்க்கு உப்பு வேண்டுமென்றால் அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை. உப்பு லாரி தெருமுனையில் திரும்பும்போது சிந்துவதைப் பொறுக்கி, ஊதித் தொட்டுக்கொள்வோம். என் மகள் நாளைக்கு அப்படி ரோட்டிலிருந்து எடுத்துத் தின்றால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவேன்.

வாரத்தின் நடுவில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு அவளே மருந்து கொடுத்துவிட்டு, பாட்டில் மூடியிலிருந்த அளவுக் கோட்டை என்னிடம் காட்டினாள்.

"பன்னெண்டு மணிச் சங்கு ஊதுனதும் இந்தக் கோடு வரைக்கும் ஊத்தி, சங்குல குடுத்துரு. மறந்துராதளா. சூடு ஏறுனா போன தடவ மாரி பிட்ஸ் வந்துரும்."

போன தடவை நான் பக்கத்தில் இருந்தேன். அவன் கண் செருகியதையும், கை கால் வெட்டி இழுத்ததையும் பார்த்திருந்தேன். மறப்பேனா.

பக்கத்து வீட்டு பிலோமி அத்தையிடமும் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அத்தையின் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். பதினொரு மணிக்கு அத்தை எட்டிப் பார்த்து, "தூங்குதானா? நான் கடக்கரைக்குப் போயிட்டு வாரேன், வள்ளம் வார நேரம்" என்று கிளம்பிவிட்டாள்.

நான் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, மருந்தை மூடியின் கோடு வரை அளந்து அதில் ஊற்றி, ஈ மொய்க்காமல் தட்டால் மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. முந்துகிறது என்று நினைத்தேன். பன்னிரண்டரை காட்டியது. ரொம்ப முந்துகிறது என்று நினைத்தேன். தம்பியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. கொடுத்துவிடலாமா என்று தட்டைத் திறந்தேன். நேரத்துக்கு முன்னால் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? மூடினேன். மறுபடி திறந்து, மறுபடி மூடினேன். ஒன்றரை ஆன பிறகும் எனக்குக் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை நான்.

இரண்டு மணி வாக்கில் அத்தை வந்தாள்.

"என்னளா, மருந்த மூடி வச்சிட்டு எதுக்கு உக்காந்திருக்க?"

"சங்கு ஊதட்டும்னு இருக்கேன் அத்த."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கூறுகெட்டவளே, இன்னைக்கு மே தினம்லா. மில்லு லீவு. மில்லுல வேல பாக்குற எங்க தம்பி இன்னும் படுக்கைய விட்டு எந்திக்கல."

தம்பியின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தவள் சட்டென்று கிண்ணத்தை எடுத்தாள். அவளே மருந்தைப் புகட்டினாள். "குசினில போயி ஈரத்துணி கொண்டா" என்று என்னை அடுப்படிக்கு விரட்டினாள். அவன் கை ஒருமுறை வெட்டியது. இருவரும் அசையாமல் பார்த்தோம். கொட்டாவிதான் விட்டான். துடைத்துக்கொண்டே அத்தை சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கும் இன்னைக்குச் சங்கு இல்ல, ஒனக்கும் சங்கு இல்ல. வாய்ச்ச நாளுதான் போ." சிரிக்க வைக்கத்தான் சொல்லியிருப்பாள். நான் அழுதேன்.

மூன்று மணிக்கு மேல் அவன் கழுத்தில் வேர்வை பூத்தது. "ஒங்கம்மகிட்ட நான் மூச்சு விடமாட்டேன், நீயும் சொல்லாத" என்றாள் அத்தை.

வழக்கமாக பஸ்ஸில் வந்து நடக்கிற அம்மா அன்றைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய்த் தம்பியின் கழுத்தைத் தொட்டாள். அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மருந்து குடிச்சானா?"

"குடிச்சான்."

அவ்வளவுதான். தப்பித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டாள். வார் நீளமாக இருந்ததால் முழங்கை வரை ஏற்றிவிட்டாள். "இனிமே இதப் பாத்துக் குடு" என்றாள். அதைப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன். கிரீடக்காரிகள் ஜன்னலைக் கடக்கும்போது அந்தக் கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி மட்டும் எத்தனையோ வருடம் கூடவே வந்தது.

இன்று மத்தியானம் அம்மாவுக்குப் போன் போட்டேன். தம்பியோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். நடந்ததையெல்லாம் ஒப்புவித்தேன்.

"எனக்குத் தெரியும்ளா" என்றாள் அம்மா. "பன்னெண்டு அடிச்சுது, சங்கு கேக்கல. அங்கன வார்டுல நின்னுக்கிட்டுதான் மே தினம்னு ஞாபகமே வருது. நம்ம வீட்ல போனும் கெடையாது. இன்னொரு நர்ஸும் வரல, விட்டுட்டு வரவும் முடியல. நாலு மணி வரைக்கும் யாரு நாடியப் புடிச்சாலும் எண்ணிக்க தப்பிப் போவுது. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரெண்டு தடவ எண்ணுனேன்."

"பெறகு ஏன் எங்கிட்ட கேக்கல?"

"குடிச்சானான்னு கேட்டேன்லா. எப்பம்னு கேட்டா நீ பொய் சொல்லணும். லீவ மறந்தது நானு, நீ எதுக்குப் பொய் சொல்லணும்?"

நான் வீட்டில் தட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், ஊரின் இன்னொரு கோடியில் அவளும் அதே சங்குக்குக் காது கொடுத்து நின்றிருக்கிறாள். எனக்கு இது தெரிய, எனக்கொரு பிள்ளை பிறந்து அதற்குக் காய்ச்சல் வர வேண்டியிருந்தது.

மில்லை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் மனைகள் பிரித்துக் கல் நட்டு, பாதிக்குமேல் வீடு வந்துவிட்டது. தெருவில் இப்போது பன்னிரண்டு மணிக்கு எந்தச் சங்கும் ஊதுவதில்லை. அவரவர் கையில் அவரவர் நேரம். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ஆமா," என்றாள், "இப்பம் அங்கன எல்லா நாளும் மே தினந்தான்."