போடாத கோடு

"என் தம்பி கோடு போட்டா ரோடே போட்டுருவான்" என்று அவனுடைய அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ரோடு கிடக்கட்டும். போட வேண்டிய ஒரே ஒரு கோட்டை அவன் போடாமல் விட்டதுதான் இந்தக் கதை.

பழைய கேமரா லென்ஸ்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவது அவன் தொழில். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடை. பூஞ்சை படர்ந்த லென்ஸைப் பார்த்ததும் அது எந்த வருஷத்து மழையில் நனைந்தது என்று சொல்வான். கிளறிக் கேட்டால் கிழமையும் சொல்வான். 'பூதக்கண்ணாடி' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்காரரின் லென்ஸ் அவனிடம் வந்தது. அத்தான் போட்டோகிராபர், பள்ளிக்கூட குரூப் போட்டோக்களில் கெட்டிக்காரர். லென்ஸுக்குள் கிரீஸ் காய்ந்து வளையம் திரும்பவில்லை. அதில் இரண்டு பித்தளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மரையில் ஏறி இறங்கும். திருப்பிப் பூட்டும்போது மரை ஏழெட்டு இடத்தில் பிடிக்கும். சரியான இடம் ஒன்றே ஒன்று. அதனால் வளையங்கள் பிரிகிற நொடியில் அந்த இடத்தில் ஊசியால் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நொடியில் வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், "உங்க கை மாதிரி வராதுங்க" என்றார். இன்னும் ஏதாவது சொல்வாரா என்று இவன் திரும்பினான். வளையம் கையோடு வந்துவிட்டது.

குத்துமதிப்பாகப் பூட்டினான். எதிர்ச்சுவர் காலண்டர் பளிச்சென்று தெரிந்தது. போதும் என்று கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அத்தான் எடுத்த குரூப் போட்டோவில் தலைமையாசிரியர் எது, தூண் எது என்று தெரியவில்லை. கிட்டத்தில் எடுத்தால் தெளிவு, தள்ளி நின்றால் புகைமூட்டம். அவர் வந்து கேட்டபோது, "லென்ஸ் புதுசு மாதிரி இருக்கு அத்தான். வயசாகுதில்ல, கண்ணைக் காட்டுங்க" என்றான்.

கண்ணில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். டாக்டர் சொல் மச்சான் சொல்லுக்கு முன்னால் எடுபடுமா? கண்ணாடிக் கடைக்காரர் மூன்று ஜோடி விற்றார். கடைசியில் அத்தான் வெளிவேலையை விட்டுவிட்டு, பாஸ்போர்ட் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒடுங்கிவிட்டார்.

போன மாதம் அந்த லென்ஸையும் கேமராவையும் அவரே கொண்டுவந்து வைத்தார். "உதிரிக்காவது ஆகும், வச்சுக்கோ மச்சான்."

அவர் போனதும் இவன் அதை மாட்டி, முதல் தடவையாகத் தெருப்பக்கம் திருப்பினான். தூரத்துத் தண்ணீர்த் தொட்டி பஞ்சுப் பொதிபோல் இருந்தது. வளையம் அதற்கு மேல் திரும்பவில்லை. கழற்றி, மரையை ஓர் இடம் தள்ளிப் பூட்டினான். தொட்டியின் ஏணிப்படிகளை எண்ணிவிடலாம்போல் இருந்தது.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனான். அத்தான் வாசலில் நின்று அதன் வழியே பார்த்தார். "அடியே, கம்பியில உக்காந்திருக்கிற காக்கா தெரியுது!"

"மூணாவது கண்ணாடி இப்பதான் வேலை செய்யுது போல" என்றாள் அக்கா.

தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு காபி குடித்திருக்கலாம்.

"கண்ணுல கோளாறில்ல அத்தான். நான்தான் அன்னைக்கு மரையை மாத்திப் பூட்டிட்டேன். பூட்டினதும் தூரத்துல எதையும் வச்சுப் பாக்கவும் இல்ல."

"மரை கழண்டது லென்ஸ்லயா, உனக்கா?" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து அவன் கையில் வைத்தார். "ஆறு வருஷம்டா" என்றார். அப்புறம், "தெருக்கோடியில போய் நில்லு."

போய் நின்றான்.

"தலையத் தூக்கு!"

அவனால் முடியவில்லை. அத்தானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை, எடுத்துவிட்டார்.

அந்தப் போட்டோவைத் தன் கடையில், காலண்டர் இருந்த ஆணியில் மாட்டியிருக்கிறான். சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிகிறது, உச்சந்தலை நரைமுடியை எண்ணலாம். முகம்தான் இல்லை.