இருபத்துநாலு இடது கை

எங்கள் தையல்கடையில் வெட்டுவது அக்கா, தைப்பது நான். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, வலப்பக்கம் அறுவை செய்து, குணமாகி இரண்டு வருஷம் ஆயிற்று. "நல்லா நடங்க, கையை வேலை வாங்குங்க" என்று டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். அக்கா கேட்டால்தானே!

அவளுக்கென்று தனியாக ஒரு வைத்திய சாஸ்திரம். நோய் உள்ளே தூங்குகிறதாம். உடம்பை ஆட்டினால் விழித்துக்கொள்ளுமாம். மகாராணி நாற்காலியை விட்டு இறங்கமாட்டாள்; வெட்டுவதும் என் தலையில்தான். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. "அங்க கோணுதுடி, இங்க இழுக்குதுடி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே என் உயிரை வாங்குவாள். இவள் போடும் கூச்சலில் விழிக்காத நோயா, கையசைத்தால் விழித்துவிடப் போகிறது?

இந்த லட்சணத்தில் ஒரு ஹோட்டல்காரர் பன்னிரண்டு சட்டைக்குப் பூப்போட்ட துணி கொடுத்தார். நானே வெட்டினேன். சட்டைக் கைகளைப் பொருத்தும்போதுதான் தெரிந்தது. துணியை மடித்துப் போடாமல், ஒரே பக்கமாகப் பரப்பி வெட்டித் தொலைத்திருக்கிறேன். இருபத்துநாலும் இடது கை! திருப்பித் தைத்தால் பூ உள்ளே போய்விடும்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அந்த ஹோட்டல்ல எல்லாருக்கும் ரெண்டுமே இடது கையாடி?"

மிச்சத் துணி பன்னிரண்டு கைக்குத்தான் காணும். பிசகினால் கடையின் பேர் நாறிவிடும். கத்தரிக்கோலை மேஜையில் போட்டேன். "இனிமே என்னால ஆகாது. நீ வெட்டு, இல்லேன்னா கடையை மூடு."

"நோய் திரும்பி வந்துட்டா?"

"கையை ஆட்டுறதால வராதுன்னு நூறு தடவை சொல்லியாச்சு!"

அக்கா கத்தரிக்கோலைத் தொட்டுப் பார்த்தாள். "அந்தப் பயம் இருக்கு, இல்லேங்கல. ஆனா அது மட்டும் இல்லடி. வெட்டிப் பாத்து, முடியலேன்னு ஆயிட்டா? உக்காந்திருக்கிற வரைக்கும் நான் வெட்டுறவதான்."

இரண்டு வருஷமாக அவளைச் சோம்பேறி என்று திட்டிய வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்!

எழுந்தாள். ஒரு கை வெட்டியதும் தோள் வலித்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மூன்றாவதில் ஓரம் லேசாக நெளிந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீயே சொல்லுடி. நான் இன்னும் வெட்டுறவதானா?"

"நெளிவைத் தையல்ல பிடிச்சுக்குறேன். இன்னும் ஒம்பது கெடக்கு, வெட்டுக்கா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே துணியை இழுத்துப் போட்டாள். பன்னிரண்டும் முடிய மூன்று நாளாயிற்று.