எதுவரைக்கும் சார் உட்கார்ந்த நாள்

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘எதுவரைக்கும்’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் மனிதர் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பவர், அவருடைய முதுகு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒருநாள் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. “பேரு வைக்கிற வேலை எதுவரைக்கும் வந்திருக்கு? முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?” என்று கேட்டாராம்.

உத்தியோகம் புராஜெக்ட் மேனேஜர். தான் செய்யாத வேலைக்குத் தேதி கொடுத்து, அடுத்தவர் செய்யாத வேலைக்குத் திட்டு வாங்குவது என்று சுருக்கமாகச் சொல்லலாம். டாக்டராவேன், விமானம் ஓட்டுவேன் என்று சொல்லும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. “நான் பெரியவனாகி எல்லாரையும் எப்ப முடியும்னு கேப்பேன்” என்று ஒரு குழந்தை சொன்னால் பெற்றவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இவரும் அப்படித்தான். புரோகிராம் எழுதுகிறவராகத்தான் சேர்ந்தார். நாற்காலியில் இருப்புக்கொள்ளாது. ஒரு வரி எழுதுவார், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார், திரும்பும் வழியில் பக்கத்து மேஜைக்காரர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பார். அப்போதிருந்த மேனேஜர் திடீரென்று வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். மேலிடத்திலிருந்து டைரக்டர் வந்து பார்த்தபோது எல்லாரும் உட்கார்ந்திருக்க, இவர் ஒருவர் மட்டும் யாரோ ஒருவரின் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். நடமாடுகிறவனைத் தலைவன் என்று எடுத்துக்கொள்வது அலுவலகங்களின் வழக்கம். தேர்வு அதோடு முடிந்தது.

அந்த டைரக்டருக்கும் ஒரு பெயர் உண்டு: ‘மாமனார்’. என்ன செய்தாலும் திருப்தி வராது, அதற்காக உறவை முறித்துக்கொள்ளவும் முடியாது. மாமனாருக்கு வாராவாரம் ஓர் அட்டவணை போகும். சரியாக நடக்கும் வேலைக்குப் பச்சை, இழுபறிக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு. “சிவப்பு எனக்குக் கண்ணுக்கு ஆகாதுப்பா” என்று ஒருமுறை சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அட்டவணை நாற்றங்கால் மாதிரி இருந்தது.

எதுவரைக்கும் சார் கையில் அப்போது ஓர் ஆஸ்பத்திரியின் வேலை. சீட்டு, மருந்து, பரிசோதனை எல்லாவற்றுக்கும் பழைய சாஃப்ட்வேருக்குப் பதிலாகப் புது சாஃப்ட்வேர். திங்கட்கிழமை திறப்பு விழா. கம்ப்யூட்டரைச் சுற்றி ரிப்பன் கட்டி வெட்டுவது என்று மாமனார் முடிவு செய்து, ரிப்பனும் வாங்கியாகிவிட்டது. விழா நல்லபடியாக முடிந்தால் எதுவரைக்கும் சாருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையும் பெரிய பதவியும். நடக்கவே இடமில்லாத அந்த அறைக்கு அவர் ஏன் ஆசைப்பட்டார் என்று கேட்கக் கூடாது. பதவி என்றால் ஆசைப்படத்தான் வேண்டும்.

தினமும் காலையில் அவர் குழு நின்றுகொண்டே ஒரு கூட்டம் போடும். உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் கால் வலித்துச் சீக்கிரம் முடிப்பார்கள் என்பது ஏற்பாடு. நிற்பதையே ஓய்வாக நினைக்கிற ஆளிடம் இந்த ஏற்பாடு மாட்டிக்கொண்டதால் மற்றவர்கள் சுவரில் சாய்ந்து பழகினார்கள். சாஃப்ட்வேரில் ‘பக்’, அதாவது பூச்சி, என்று சொல்லும் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலையிலிருந்த பூச்சி அக்கா மட்டும் ஒரு முக்காலியைக் கையோடு கொண்டுவருவார். “நீங்க நில்லுங்க சார், உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கு” என்பார்.

கூட்டம் முடிந்ததும் சாரின் சுற்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு மேஜையாகப் போவார். “பழைய நோயாளிங்க விவரத்தப் புதுசுக்கு மாத்துறது எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கம்பளியிடம் கேட்பார். ஏ.சி. காற்றுக்குப் பயந்து வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போடுகிறவர் என்பதால் அவர் கம்பளி. “போயிட்டிருக்கு சார்.” அடுத்த மேஜையில் கேட்பார். “போயிட்டிருக்கு சார்.” பூச்சி அக்காவும் தலை நிமிராமல், “போயிட்டிருக்கு.” எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று அந்தச் சொல்லில் இல்லை. கேட்டவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அட்டவணையில் பச்சை அடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரோடு கடைசிக் கூட்டம். அன்று காலை சார் குளியலறையில், முகம் முழுக்க சோப்போடு குழாயைத் திறந்தார். குழாய் பெருமூச்சு விட்டது. தண்ணீர் வரவில்லை.

“மோட்டார் போட்டாச்சுன்னு சொன்னீங்களே!” என்று உள்ளிருந்து கத்தினார்.

“யாரு சொன்னா?” என்று மனைவி வெளியிலிருந்து கேட்டார்.

“நான் கேட்டேன், நீ ‘ம்’ன்னே. பாப்பாகிட்டயும் கேட்டேன், அவளும் ‘ம்’ன்னா.”

“நீங்க வீட்ட மூணு தடவ சுத்தி வந்து எல்லார்கிட்டயும் கேட்டீங்க. இத்தன பேர்கிட்ட கேக்குறாரே, யாராவது போட்டிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். அவளும் அதையேதான் நெனச்சிருப்பா. ‘ம்’னா கேட்டுச்சுன்னு அர்த்தம், போட்டாச்சுன்னு யாரு சொன்னா?”

உள்ளே சத்தமில்லை. மனைவி பயந்துபோய்க் கதவைத் தட்டினார். “என்னங்க, வழுக்கி விழுந்துட்டீங்களா?”

“விழல,” என்றது குரல். “இனிமேதான் விழணும்.”

பாதி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். காது மடலில் சோப்பு காய்ந்திருந்ததை யாரும் சொல்லவில்லை. காலைக் கூட்டத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

“பழைய விவரம் மாத்துற வேலை யாரு கையில இருக்கு?”

கம்பளி பூச்சி அக்காவைப் பார்த்தார். பூச்சி அக்கா கம்பளியைப் பார்த்தார். ஜன்னல் பக்கத்து ஆள் காரணமே இல்லாமல் கூரையைப் பார்த்தார்.

“நான் இல்ல சார்,” என்றார் கம்பளி. “நீங்க அக்காகிட்டயும் கேப்பீங்களா, அவங்கதான் பாக்குறாங்கன்னு நெனச்சேன்.”

“நான் எதுக்குடா பாக்கணும்? மாத்துனப்புறம் சரியா இருக்கான்னு பாக்குறதுதானே என் வேலை? இன்னும் வரலயேன்னு நான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப ‘போயிட்டிருக்கு’ன்னு சொன்னியேம்மா?” என்றார் சார்.

“நீங்க கேட்டா எல்லாருமே அதத்தானே சார் சொல்றோம்! சொன்னாத்தானே நகர்றீங்க?”

பூச்சி அக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். குரல் இறங்கிவிட்டது. “சார், எங்கப்பா அந்த ஆஸ்பத்திரிலதான் காட்டுறாரு. அவருக்குப் பென்சிலின் ஆகாது. அது அந்தப் பழைய விவரத்துலதான் இருக்கு. திங்கட்கிழமை அவரு போய் உக்காந்தா, ஸ்கிரீன்ல ஒண்ணுமே இருக்காது.”

சார் நேராக மாமனார் அறைக்குப் போனார். மாமனார் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பழசு மெதுவா வரட்டும்பா. மொதல்ல திறப்போம். அட்டவணையில பச்சையா இருக்கு, டாக்டருக்கும் பச்சைன்னு போயிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா செவப்பாகுமா?”

“செவப்பாத்தான் சார் இருந்துச்சு. நான்தான் பச்சை அடிச்சேன்.”

“அப்ப இன்னும் ஒரு நாள் அடி. அந்த ரூம வேற யாருக்கும் குடுக்கணும்னு எனக்கு ஆசை இல்ல.”

அன்று கூட்டம் தொடங்கும்வரை எதுவரைக்கும் சார் நடந்த நடைக்கு அளவில்லை. பிரிண்டரைச் சுற்றினார். படிக்கட்டில் இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று மறந்து ஏறினார். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அதில் தெரிந்த ஆளை முறைத்தார். சொன்னால் பதவி போகும், சொல்லாவிட்டால் யாரோ ஒருவரின் அப்பாவுக்கு ஊசி ஏறும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னக் கணக்கைப் போட முடியாமல் நாற்காலி நாற்காலியாகத் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இப்போது பெரிய அறைகளில் இருக்கிறார்கள்.

பெரிய டாக்டர் வந்தார். மாமனார் திரையில் பச்சையைக் காட்டிக்கொண்டே போனார். டாக்டர் இடைமறித்து, “எல்லாம் தயார்தானே?” என்று கேட்டார். மாமனார் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக எதுவரைக்கும் சார் சுவரோரம் நடந்துகொண்டே பதில் சொல்வார். அன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பார்த்திராத குழு, யாரோ செத்துவிட்ட மாதிரி அமைதியானது.

“தயார் இல்ல டாக்டர். பழைய நோயாளிங்க விவரம் ஒரு வரி கூட இன்னும் வரல. அந்த வேலைய நான் எல்லார்கிட்டயும் கேட்டேன், யார்கிட்டயும் குடுக்கல.”

மேஜைக்கு அடியில் மாமனாரின் ஷூ அவர் காலை மிதித்தது. நின்றிருந்தால் இந்த மிதி கிடைத்திருக்காது. உட்காருவதில் இப்படியும் சில அபாயங்கள்.

டாக்டர் திரையிலிருந்த பச்சையை ஒருமுறை பார்த்தார். பிறகு, “பழசு இல்லன்னா இந்தப் பொட்டி எனக்கு எதுக்குய்யா?” என்றார். “எத்தன நாள் வேணும்?”

“மூணு வாரம்.”

“டாக்டர், விழாவுக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சே!” என்றார் மாமனார். “ரிப்பன்...?”

“ரிப்பன வேணா வெட்டிக்கோங்க. ஆனா நீங்க விவரத்த மாத்தி முடிக்கிறவரைக்கும் என் ஆளுங்க பழைய சாஃப்ட்வேர்லதான் எழுதுவாங்க.”

அப்படியே நடந்தது. திங்கட்கிழமை, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ரிப்பன் கட்டி, வெட்டி, கைதட்டினார்கள். திரையில் ஒரு பூங்கொத்துப் படம் ஓடியது. மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்று வந்திருந்தவர்கள் பாராட்டினார்கள்.

விவரம் மாற்றும் வேலையைக் கம்பளியிடம், பெயர் சொல்லி, எல்லார் முன்னாலும் சார் கொடுத்தார். அதன்பிறகு வந்ததுதான் சாருக்குச் சோதனை: கேட்கக் கூடாது. புதன்கிழமைதோறும் கம்பளியே வந்து சொல்வதாகப் பேச்சு. செவ்வாய்க்கிழமைகளில் சார் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. கம்பளியின் மேஜைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிற்பார், வாயைத் திறப்பார், கொட்டாவி விட்டது போல மூடிக்கொண்டு போய்விடுவார். கடைசியில் கம்பளியே எழுந்து வந்து கெஞ்சினார்: “சார், ஏதாவது கேளுங்க சார். நீங்க கேக்காம இருக்கிறது பயமா இருக்கு. வேலையப் பாதியில விட்டுட்டு யோசிக்கிறேன்.”

“யோசிக்காத. வேலையப் பாரு. நான் கேக்க மாட்டேன்... எதுவரைக்கும்...” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் என்பது நான்கானது. விவரம் வந்தது. பூச்சி அக்கா முதலில் தன் அப்பாவின் பெயரைத் தேடிப் பார்த்தார். பெயருக்குக் கீழே பென்சிலின் ஆகாது என்று சிவப்பில் ஒரு வரி. அந்தச் சிவப்பைப் பார்த்து அவர் முக்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி அறை, எப்போதும் பச்சையாக அனுப்பும் பக்கத்துப் பிரிவுக்காரருக்குப் போயிற்று. அவருக்கு இன்னும் குளியலறையில் தண்ணீர் நிற்கவில்லை போலிருக்கிறது. எதுவரைக்கும் சார் வீட்டில் அன்றைக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு வீட்டை இரண்டு சுற்று சுற்றினார்.

“சரி விடுங்க,” என்றார் மனைவி. “அந்த ரூம்ல போட்டு அடைச்சா ஒரு வாரத்துல கண்ணாடிய ஒடச்சிருப்பீங்க. போய் மோட்டாரப் போடுங்க. உங்க கையில குடுத்திருக்கேன், சரியா?”

“என் கையில,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டார். திரும்பி வந்து, டாக்டர் வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது சுகமாகக்கூட இருந்தது. கண் சொருகியது.

கொஞ்ச நேரம் கழித்து மாடியிலிருந்து தண்ணீர் சுவரோரமாக இறங்கி, ஜன்னலில் விழத் தொடங்கியது.

“என்னங்க! மோட்டாரு!”

“போட்டுட்டேனே!”

“நிறுத்துறது?”

சார் எழுந்தார். செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு சுவிட்சை நோக்கி ஓடும்போது, ஆஸ்பத்திரி வேலையில் இதே மாதிரி ‘நிறுத்துவது யார்’ என்று தான் கேட்க மறந்த இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த பழைய சாஃப்ட்வேரை அணைக்கும் வேலையை யார் கையில் கொடுத்தோம்?