மலையடிவாரத்தில் மயங்கி விழுந்து ஆள் பார்த்தது

என்னைப் பார்த்து யாராவது "ஒண்ணும் பயப்படாதீர்" என்று சொன்னால் அந்த நிமிஷமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிடும். பயப்படும்படி ஏதோ இருக்கிறது, இந்த மனுஷர் மறைக்கிறார் என்று தோன்றும். ராஜபாளையத்தில் நான் பருத்தித் தரகு பார்த்து வந்த கடையின் முதலாளி ஒரு நாள் காலையில் அதைத்தான் சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீர் வே. பஞ்சு வைக்கிற கிட்டங்கிக்கு ஒரு ஆளு வேணும். நீரே பாத்துக் கூட்டியாரும். ஆனா போன தடவ மாதிரி ஆச்சுன்னா, அவன் போற வண்டியிலேயே உமக்கும் எடம் போட்டு அனுப்பிருவேன்."

போன தடவை நான் பிடித்துக் கொடுத்த ஆள் சிலம்பத்தில் பரிசு வாங்கியவன். அவன் தோளைப் பார்த்ததுமே வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பிற்பகலில் பஞ்சுப் பொதி மேல் மல்லாந்து படுத்துச் சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். பொதி புகைந்ததும் கிட்டங்கியை விட்டு முதலில் ஓடியவன் அவன்தான். இரண்டாவதாக ஓடியது நான். முதலாளியும் கூலியாட்களும் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். நான் தெருமுனையில் பத்திரமாக நின்றுகொண்டு "நெருப்பு, நெருப்பு" என்று கத்தி என்னால் ஆன உதவியைச் செய்தேன்.

ஆகவே இந்த முறை ஆள் பார்ப்பது எனக்கும் உயிர்ப் பிரச்சினை. கடையிலிருந்து சாத்தூர் ஸ்டேஷனுக்குப் பொதி ஏற்றிப் போகும் வண்டிக்காரர் ஒருவர், சுந்தரபாண்டியத்துக்காரர், தன் தங்கை மகனுக்காக வந்து கேட்டார். கேட்ட கையோடு மருமகனின் பெருமைகளை அவிழ்த்துக் கொட்டினார்.

"அண்ணாச்சி, எங்க ஊரு இளவட்டக்கல்ல ஒரே தூக்குல தூக்கித் தோளுக்குப் பின்னால போட்டவன். பெரிய கண்மாய இக்கரையிலேருந்து அக்கரைக்கு நீந்துவான். மாடு பிடிக்கப் போயி புருவத்துல குத்து வாங்கியும் விடலையே!"

எனக்கு மறுபடியும் சுருட்டு வாடை அடித்தது. "கெட்ட பழக்கம் எதுவும் உண்டா?" என்று கேட்டேன்.

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு உண்டு. மறைக்கக் கூடாது பாருங்க. புரட்டாசி சனிக்கிழமையானா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை, அந்தப் பெருமாள் மல அடிவாரத்துல தண்ணிப்பந்தலுக்குப் போயி நாள் பூரா தண்ணி ஊத்துதான். காலணா வருமானம் கெடையாது. சொன்னாக் கேக்க மாட்டேங்கான். நீங்கதான் அதத் திருத்தணும்."

கல், கண்மாய், மாடு எல்லாம் ஊரார் பார்த்துக் கைதட்டச் செய்தவை. இது மாமனே கோபித்துக்கொள்ளும் காரியம். போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டேன். அந்தப் பையன் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் கடை ஆள் என்று யார் மூலமாவது தெரிந்துவிட்டால் வேஷம் போட்டுத் தண்ணீர் ஊற்றுவானே என்ற பயம். அதனால் நான் வேஷம் போட்டேன். நெற்றியை அடைத்து நாமம், தலையில் முக்காடாகத் துண்டு. ஊருக்குள் வண்டியை விட்டு இறங்கியதும், கடைவீதியில் எனக்குப் பழக்கமான ராவுத்தர் ஒருவர் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார்.

"என்ன தரகரே, தலையில துண்டு? பருத்தி வெல விழுந்துருச்சா?"

மலையடிவாரம் போய்ச் சேருவதற்குள் இன்னும் நாலைந்து பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

பனையோலைப் பந்தல். வரிசையாகத் தண்ணீர் மொடாக்கள். புருவத் தழும்புக்காரன் கொட்டாங்கச்சி அகப்பையால் மொண்டு, குனிந்து கையேந்துகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். குழந்தைகளுக்கு நூல் மாதிரி ஊற்றினான். ஓடி வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு ஊற்றினான். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"ஏலே, பெருமாள் மேலதான் நிக்காரு, எங்கயும் ஓடிற மாட்டாரு. மூச்சு வாங்கிட்டுக் குடி. ஏட்டி, புள்ளைக்கு மொதல்ல, பொறவு உனக்கு."

ஒரு புளியமரத்தின் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தேன். மொடா காலியானால் யாரையும் ஏவாமல் தானே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினான். எனக்குப் பிடித்துப்போயிற்று. அதோடு திரும்பியிருந்தால் நான் புத்திசாலி. ஆனால் எனக்குள்ளிருந்த பயந்தாங்கொள்ளி விடவில்லை. தண்ணீர் ஊற்றுகிறான், சரி. நெருப்பு வந்தால் ஊற்றுவானா? திடீரென்று ஒன்று நடந்தால் நிற்பானா, ஓடுவானா?

"நெருப்பு" என்று கத்திப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அத்தனை கூட்டத்தில் கத்தினால் என்னை மிதித்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். ஆகவே வரிசைக்குப் பக்கத்தில் போய், கண்ணைச் செருகிக்கொண்டு, மயங்கி விழுந்தேன்.

இடுப்புக்கு நேர் கீழே ஒரு கல். "ஐயோ அம்மா" என்று வாய்விட்டே அலறிவிட்டேன். மயங்கினவன் அலறக் கூடாது என்பது அலறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கூட்டம் கூடிவிட்டது. "கையில இரும்புச் சாவியக் குடுங்க" என்றது ஒரு குரல். "வெங்காயத்த நசுக்கி மூக்குல வைங்க." "செருப்ப மோக்கக் குடுங்கய்யா, எந்திரிச்சிருவாரு." அந்தச் செருப்பு எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது என்று மூக்கு சொல்லிற்று.

அதற்குள் அவன் வந்துவிட்டான். "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்." அவ்வளவுதான், நான் தரையை விட்டு மேலே போய்விட்டேன். இளவட்டக்கல் சமாசாரம் பொய்யில்லை. என்னைத் தோளுக்குப் பின்னால் போடாமல் இருக்க வேண்டுமே என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன். புளியமரத்து நிழலில் மெதுவாகக் கிடத்தினான். என் துண்டை நனைத்து நெஞ்சிலும் கையிலும் படும்படி போர்த்தினான். நாடி பார்ப்பதற்காகத் துண்டுக்கு அடியில் கையை நுழைத்து என் கையைப் பிடித்தான்.

அங்கேதான் வந்தது வினை. பருத்திச் சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டால் மூடிக்கொண்டு, விற்கிறவன் கையைப் பிடித்து, விரல்களை அழுத்தி அழுத்தித்தான் பேரம். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையோ வருஷமாக என் கைக்கு இது ஒன்றுதான் தொழில். துண்டுக்கு அடியில் இன்னொரு கை பட்டதும், எஜமான் மயங்கிக் கிடக்கிறான் என்கிற விஷயம் அதற்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு அவன் விரல்களைப் பிடித்து விலை கேட்க ஆரம்பித்துவிட்டது. அவன் பேசாமல் இருந்தான். சம்மதிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, என் கை விலையை ஏற்றியது.

பையன் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். மாமனோடு சந்தைக்கு வண்டியில் போய்ப் பழகியவன் அல்லவா!

"அண்ணாச்சி, இது சந்தையில்ல, மல. கையச் சும்மா வைங்க. ஆளுக பாக்காக."

அவன் ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், அத்தனை பேரும் அந்தச் செருப்பை வேறு விதமாக உபயோகித்திருப்பார்கள். அவன் நிமிர்ந்து, "உசுருக்கு ஒண்ணுமில்ல. செத்த நேரம் படுத்துக் கெடக்கட்டும். நீங்க மலையேறுங்க" என்று கூட்டத்தைக் கலைத்தான். மறுபடி குனிந்து, "இப்ப எந்திரிச்சிராதிய. வெங்காயம் கொண்டாந்தவரு இன்னும் போகல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான்.

வெங்காயக்காரர் ரொம்பப் பொறுப்பானவர். அவர் போகும்வரை கிடந்தேன். பிறகு எழுந்து போய், நான் யார், எதற்காக விழுந்தேன் என்று பையனிடம் உள்ளதைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"நீங்க விழுந்தப்போ வரிசையில ஒரு புள்ளத்தாச்சி நின்னா. அவளுக்கு ஊத்த வேண்டிய நேரத்துல உங்களத் தூக்கிட்டு வந்துட்டேன். திரும்பிப் பாத்தா அவளக் காணோம். நாவறண்டு போயிருப்பா. ஆள் பாக்குத லெட்சணமா அண்ணாச்சி இது? எனக்கு உங்க வேல வேண்டாம்."

அதற்கு முன்னால் நான் பட்டதெல்லாம் பயமே இல்லை. சாத்தூர் வண்டியில் பொதியோடு பொதியாக நான் உட்கார்ந்து போவது கண்ணுக்கு முன் தெரிந்தது.

"தம்பி, நீ வரலேன்னா எனக்கும் அங்க வேல இல்ல."

"அப்பிடின்னா வேல கேட்டு வந்திருக்கது நீங்க."

"ஆமா."

"நீங்க என்ன செஞ்சிருக்கிய? சொல்லுங்க, கேப்போம்."

"சாத்தூர் வரைக்கும் துண்டுக்கடியில என்னைய ஜெயிச்சவன் கெடையாது."

"அதான் பாத்தேனே" என்றான். அப்போதுதான் அவன் உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஒரு குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "கெணறு அங்கன இருக்கு."

சுமந்தேன். முதல் குடம் பந்தலுக்கு வந்தபோது பாதிக் குடமாக இருந்தது. மீதி என் வேட்டியில் இருந்தது. நாமம் கரைந்து மூக்கில் இறங்கிற்று. ஒவ்வொரு நடைக்கும் இடுப்பு அந்தக் கல்லை நினைத்துக்கொண்டது. வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு பெண் அடிவாரத்துப் படியில் மெல்ல இறங்கி வந்தாள். பையன் அவளைப் பார்த்ததும் அகப்பையை என்னிடம் நீட்டினான். "அவதான். நீங்களே ஊத்துங்க." ஊற்றினேன்.

"மெதுவா அண்ணாச்சி, மூஞ்சியில ஊத்துதிய" என்றாள் அவள். அப்புறம் வயிறு நிறையக் குடித்துவிட்டு, "நல்லாருப்பிய" என்று சொல்லிப் போனாள்.

நான் கிளம்பும்போது பையன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மாமனும் மருமகனும் கடை வாசலில் நின்றார்கள். மாமன் கல்லில் ஆரம்பித்து மாட்டுக்கு வருவதற்குள் முதலாளி கையமர்த்தினார். பையனைப் பார்த்து, "எங்க தரகர உனக்கு முன்னமே தெரியுமாலே?" என்றார். நான் சுவரோடு சாய்ந்துகொண்டேன். இம்முறை நிஜமாகவே மயக்கம் வருகிற மாதிரி இருந்தது.

"தெரியும் மொதலாளி. சனிக்கிழம மலையடிவாரத்துல தண்ணி சுமந்தாக."

முதலாளி ரொம்ப ஆச்சரியப்பட்டால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். "அலாகா!" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெருப்பக் கண்டு தெருமுனைக்கு ஓடுன மனுசன், தண்ணி சுமந்தாரா?"

"சுமந்தாக. பாதி சிந்திட்டாக. ஆனா இருட்டுத வரைக்கும் குடத்தக் கீழ வைக்கல."

முதலாளி என்னைப் பார்த்து, "கிட்டங்கிச் சாவிய அவங்கிட்டக் குடும்" என்றார். "அவனுக்குப் புரட்டாசி சனிக்கிழமை லீவு. உமக்கும்தான்."

சாவியை வாங்கும்போது பையன் என் விரல்களைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினான். சந்தையில் அதற்கு வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

"உங்களுக்குப் பெரிய குடமா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றான். "ஒண்ணும் பயப்படாதிய."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.