ஒன்வே கொட்டேஷன்

ஊரில் இருக்கும் நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள். போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்கு நோயாளியை ஏற்றிப்போக ஒரு தனி விமானம் வேண்டும் என்று தட்டினால், எங்கள் ஆபீஸ் சாஃப்ட்வேர் முதலில் சென்னையிலிருந்து ஒரு காலி விமானத்தை இங்கே கூப்பிடும். அந்த விமானங்களுக்கு வீடு அங்கேதான். ஆளில்லாமல் பறந்து வரும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் விலை வரும். போர்ட் பிளேயரின் பத்துபஸ்திப் பகுதியில் இந்த வேலைக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது உறுத்துகிறது. நானும் தூத்துக்குடியில் வீட்டை வைத்துவிட்டு வந்தவன்தானே. உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் போனைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில்கூட மனசு ஊருக்குப் போகும் டிக்கெட்டில்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு காலையில் முத்தையா அண்ணன் வந்தார். நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் பிறந்து, அங்கேயே கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவர். மனைவி பாக்கியம் அக்காவுக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ஹெலிகாப்டரில் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இன்றைக்கே சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மளமளவென்று விவரங்களை நிரப்பி, ‘ஒன்வே’ என்பதை அமுக்கி, கொட்டேஷனை நீட்டினேன். அரை மணிக்குள் கையெழுத்து போகாவிட்டால் அந்த விமானம் வேறு நோயாளிக்குப் போய்விடும்.

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

“என்ன தம்பி, ஒன்வேன்னு போட்டிருக்கு?”

“ஊருக்குத்தானேண்ணே போறீங்க?”

“எந்த ஊருக்கு? எங்கப்பா சிலோன்லேர்ந்து வந்து குடியேறுனது கட்சால்லதான். மெயின்லேண்டுல எனக்கு யாரத் தெரியும்? போறதுக்கு மட்டும்னு எழுதுன காயிதத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொன்னதற்கே திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். எனக்கு எப்படி இது தோன்றாமல் போயிற்று? மெயின்லேண்ட் போகிற எல்லோருக்கும் அதுதான் வீடு என்று நினைத்தே நான்கு வருடமாக நிரப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

எங்கள் மேனேஜர் வங்காளி. உள்ளறையிலிருந்து, “க்யா ஹுவா? ஜல்தி சைன் கராவ்!” என்று சீக்கிரம் கையெழுத்து வாங்கச் சொல்லிக் கத்தினார். பிறகு வெளியே வந்து, விலைதான் தகராறு என்று நினைத்து, குறைத்துத் தரவா என்றார். என் ஹிந்தியை வைத்துக்கொண்டு அவருக்கு இதை விளக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து திரும்பி வருவதற்கு இன்னொரு கொட்டேஷன் திறந்தேன். சாஃப்ட்வேர் தேதி இல்லாமல் நகராது.

“என்னைக்கு வருவீங்கண்ணே?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் யோசித்தார்.

“ஆடிக் கூழுக்கு ரெண்டு நாள் முன்னாடி போடுங்க தம்பி. எங்க அம்மன் கோயில்ல அவதான் ஊத்துவா.”

காலண்டரைப் பார்த்துப் போட்டேன். ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று சிவப்பில் அச்சாகி வந்தது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். மதியமே விமானம் கிளம்பிவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டார். நான் மழையில் தொப்பலாக நனைந்து அப்போதுதான் ஆபீசுக்குள் நுழைந்திருந்தேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது, அக்கா இட்லி சாப்பிடுகிறாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க ஊர்ல வெயில் தாங்கல தம்பி. நம்ம ஊர்ல மழையா?”

“நல்ல மழைண்ணே.”

வைத்த கையோடு தூத்துக்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“நம்ம ஊர்ல ஒரு சொட்டு மழை இல்லையே ராசா.”

தலையிலிருந்து தண்ணீர் வழிய வழிய, “ஆமாம்மா, ஒரு சொட்டு இல்ல” என்றேன்.